ஈட்டி மரக் கிட்டார் ஒன்றின் மறுவிற்பனை: சாட்ஸ்வொர்த்தில் நடந்தது, தொடக்கம் முதல் முடிவு வரை

இது 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் தொடங்கி 2024 ஜனவரியில் முடிந்த விஷயம். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. கிட்டாரைச் செய்தவர் பெயரையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் வட அமெரிக்காவில் தனி ஆளாகப் பட்டறை நடத்தியவர் அவர், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிட்டார்தான் செய்திருக்கிறார், பெயரைச் சொன்னால் இது எந்தக் கிட்டார், இப்போது யாரிடம் இருக்கிறது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். நான் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக் கராஜில் கிட்டார் ரிப்பேர் செய்கிறவன். சர்ச் பையன்களின் கிட்டார்தான் அதிகம் வரும், கோயில் பஜனைக் குழுக்களிலிருந்து ஆர்மோனியமும் வரும். இந்த மாதிரிக் கிட்டார் என் மேஜைக்கு வருவது மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை.

பின்னணி

கிட்டாரின் சொந்தக்காரர் 2022 கடைசியில் காலமானார். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். சர்ச்சில் நாற்பது வருடம் வாசித்தவர். 2011 ஜூனில், ஓய்வு பெற்ற கையோடு, வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல கிட்டார் என்று முடிவு செய்து அமெரிக்கக் கடை ஒன்றிலிருந்து இதை வரவழைத்தார். விலை 4,800 டாலர். அப்போது ஒரு டாலருக்கு நம் நாட்டுப் பணம் ஏழு ராண்ட் கூட இல்லை, 6 ராண்ட் 80 சென்ட்தான். அனுப்பும் செலவு, அன்றைய 14 விழுக்காடு வாட் வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 39,000 ராண்ட் ஆனது. ரசீதைக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே, கம்பி வைக்கும் சின்ன அறையில், நான்காக மடித்து வைத்திருந்தார். பின்னால் அந்தக் காகிதம் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

ஆன்ட்டி ஓய்வு பெற்ற ஆசிரியை. மூத்த மகன் ஜொகன்னஸ்பர்க்கில், இளைய மகன் பெர்த்தில், மகள் மட்டும் அம்மாவோடு இங்கே. 2022 ஏப்ரல் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. அந்த மழையில் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நின்ற சுவர் பாதி இடிந்து விழுந்தது. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும்தான், அந்தச் சுவர் இல்லாமல் அடுத்த பெருமழையைத் தாங்க முடியாது. திரும்பக் கட்ட 1,12,000 ராண்ட் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். கிட்டாரை விற்கும் பேச்சு வந்தது அதனால்தான், ஆசைக்காக யாரும் விற்கவில்லை. மகள்தான் போன் செய்தார். அப்புறம் ஆன்ட்டியே வாங்கிப் பேசினார்: "தம்பி, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்களேன். அங்கிள் பொருள், ஏமாந்துடக் கூடாது."

இந்த வகைக் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பூட்டிக் கிட்டார் என்று சொல்வது பெரிய தொழிற்சாலையில் வராமல், ஒருவரோ ஐந்தாறு பேரோ கைவேலையாகச் செய்யும் கிட்டாரை. அமெரிக்காவில் எர்வின் சோமோகி, ஜேம்ஸ் ஓல்சன், வர்ஜீனியாவில் வேய்ன் ஹெண்டர்சன், சற்றுப் பெரிய அளவில் டெக்ஸஸின் காலிங்ஸ், கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் என்று பல பட்டறைகள் உண்டு. நம் ஊரிலும் கேப் டவுனில் மார்க் மேங்கார்ட், காசிமி பட்டறைக்காரர்கள் செய்வதை உலகம் முழுக்க வாங்குகிறார்கள். இவற்றின் மறுவிற்பனை விலை ஏன் ஏறுகிறது என்றால் முதல் காரணம் காத்திருப்புதான். புதிதாக ஒன்று செய்துதரச் சொன்னால் இரண்டு வருடம், ஐந்து வருடம், சிலரிடம் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும், அதனால் இன்றைக்கே கையில் கிடைக்கும் பழைய கிட்டாருக்குப் புதியதை விட அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறது. செய்தவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ இனி வராது என்பதால் இன்னும் ஏறும். இந்தக் கிட்டாரைச் செய்தவர் 2018-ல் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டார். 2020-ல் பெருந்தொற்று வந்து எல்லோரும் வீட்டில் அடைந்தபோது கிட்டார் வாங்கும் கூட்டமே பெருகியது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் ஏறிய அந்த விலையில் டர்பனில் ஒரு குடும்பத்தின் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது தனிக் கணக்கு.

முதல் நாளில் செய்த தவறு

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். பேரப் பையன் ஒருவன் போனில் விலையெல்லாம் தேடி வைத்திருந்தான். 2020 ஜூனில் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வாசித்த 1959-ஆம் வருட மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதிலிருந்து பேச்சை ஆரம்பித்தான். அது வாசித்தவரின் பெயருக்குக் கிடைத்த விலை, கிட்டாரின் விலையில்லை என்று சொன்னேன், புரிந்துகொண்டான். இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் பையனாக இருக்கும்போது வாசித்த காலோட்டோன் கிட்டார் நம் டர்பனில், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் செய்த மலிவான சரக்கு. 1999-ல் லண்டன் ஏலத்தில் அது 1 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அங்கிள் வீட்டிலும் ஒரு காலோட்டோன் இருக்கிறது, அவருடைய அப்பா வாங்கியது. அதை யாரும் ஆயிரம் ராண்டுக்குக் கூட எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் பையன் இதே கிட்டார்காரர் செய்த மூன்று கிட்டார்களின் விளம்பரத்தைக் காட்டினான்: 11,500 டாலர், 12,800 டாலர், 14,000 டாலர். அன்றைக்கு டாலர் 18 ராண்ட் 30 சென்ட். நடுவில் இருந்த விலையை எடுத்து அவன் பெருக்கிக் காட்டினான், 2,34,000 ராண்ட். நான் பெட்டியைத் திறந்து, பின்பலகையின் கருமையைப் பார்த்து, "ஆமாம், இந்த மாதிரி மரத்துக்கு அந்த விலை போகிறதுதான்" என்று சொல்லிவிட்டேன். அளவெடுக்கவில்லை, உள்ளே விளக்குப் போட்டுப் பார்க்கவில்லை, ரசீதைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அன்று ராத்திரியே ஜொகன்னஸ்பர்க்கும் பெர்த்தும் போய்ச் சேர்ந்தது. சுவர் கட்டி மிச்சத்தை மூன்றாகப் பிரிக்கலாம் என்ற பேச்சு அதிலிருந்துதான் வந்தது. அடுத்த மூன்று மாதம் குடும்பத்தில் நடந்த மனக்கசப்பில் பாதிக்கு அந்த வாக்கியம் காரணம், அதைச் சொன்னவன் நான்.

மேஜையில் கண்டது

மறுநாள் கிட்டாரைக் கராஜுக்கு எடுத்துவந்தேன். டர்பனின் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கிட்டாருக்குச் சரியான ஈரப்பதம் 45-லிருந்து 55 விழுக்காடு. என் மீட்டரை கிட்டாரின் வாய்க்குள் நூலில் கட்டி இறக்கி ஒரு மணி நேரம் விட்டேன், 74 காட்டியது. முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், ஈரத்தை இழுத்துப் பிரிட்ஜுக்குப் பின்னால் (கம்பிகளின் அடியைப் பிடித்திருக்கும் கட்டைதான் பிரிட்ஜ்) தொப்பை போட்டிருந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த பன்னிரண்டாவது உலோகக் கோட்டில், தடித்த கம்பியின் உயரம் 3.6 மில்லிமீட்டர். 2.4 இருந்தால் வாசிக்கச் சுகம், 3.6-ல் விரல் வலிக்கும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்தேன், நான்கு மில்லிமீட்டர் உள்ளே போனது. பசை விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெடிப்பு எதுவும் இல்லை. நெக், அதாவது கழுத்து, நேராக இருந்தது. முன்பலகையில் அங்கிளின் சுண்டுவிரல் ஊன்றும் இடத்தில் பாலிஷ் தேய்ந்து ஒரு பட்டாணி அளவுக்கு மங்கியிருந்தது.

அடுத்தது மரம். சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பின்பலகையின் உட்புறத்தைப் பார்த்தேன். வெளியே பாலிஷ் இருப்பதால் எல்லா ரோஸ்வுட்டும் கருப்பாகத்தான் தெரியும், உள்ளே பாலிஷ் இல்லாத பக்கத்தில்தான் மரம் தன் நிறத்தைக் காட்டும். ஊதா கலந்த பழுப்பு, கோடுகள் நேராக, சீராக, ஒரே இடைவெளியில். அதிக விலை போகும் பிரேசிலியன் ரோஸ்வுட்டாக இருந்தால் செம்பழுப்பு அதிகம் இருக்கும், மையால் கிறுக்கினது போலக் கருங்கோடுகள் ஓடும். இது ஈட்டி மரம் என்று அப்போதே சந்தேகப்பட்டேன். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். கிட்டார் உலகத்தில் அதன் பெயர் இந்தியன் ரோஸ்வுட். நம் முன்னோர்கள் கப்பலேறிய நாட்டின் மலைகளில் வளர்ந்த மரம் அமெரிக்கா போய்க் கிட்டாராகி மறுபடி டர்பனுக்கு வந்திருக்கிறது. நல்ல மரம், நல்ல சத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரேசிலியன் இல்லை. பையன் காட்டிய மூன்று விளம்பரங்களில் இரண்டு பிரேசிலியன், நான் மேஜையில் தலையாட்டிய 12,800-ம் அதில் ஒன்று. மூன்றாவது ஒன்றரை வருடமாக விற்காமல் கிடந்தது.

கண்ணை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது என்று ரசீதைப் பிரித்தேன். அதில் "ரோஸ்வுட்" என்று மட்டும் இருந்தது. வரிசை எண்ணை எழுதி, ஓய்வு பெற்ற அந்தக் கிட்டார்காரருக்கே மின்னஞ்சல் போட்டேன், பதில் வரும் என்று பெரிய நம்பிக்கை இல்லை.

விளம்பரமும் ஜெர்மனிக்காரரும்

இதற்குள் பையன் என்னிடம் கேட்காமலே வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் "பிரேசிலியன் ரோஸ்வுட்" என்று விளம்பரம் போட்டுவிட்டான். கெட்ட எண்ணம் இல்லை, கருப்பாக இருந்தது, நானும் அன்று "இந்த மாதிரி மரத்துக்கு" என்று சொல்லியிருந்தேன். நான்காம் நாள் ஜெர்மனியிலிருந்து ஒருவர் 11,000 டாலர் தருகிறேன், சைட்டீஸ் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தப் பேப்பர் விஷயம் பலருக்குக் குழப்பமாகவே இருக்கிறது. அழியும் நிலையில் உள்ள மரங்களையும் விலங்குகளையும் நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைதான் சைட்டீஸ். அதில் பிரேசிலியன் ரோஸ்வுட் 1992-லிருந்து முதல் பட்டியலில், மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. அதற்கு முன்பே வெட்டிய மரம் என்று சான்று காட்டி அரசின் அனுமதி வாங்காமல் எல்லை தாண்டக் கூடாது. 2016-ல் நம் ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டில்தான் மற்ற எல்லா ரோஸ்வுட் வகைகளையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். சீனாவில் செந்நிற மர நாற்காலி மேஜைகளுக்காகக் காடுகளை மொட்டையடித்ததுதான் முக்கியக் காரணம், கிட்டார்காரர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி மரக் கிட்டாரைக் கூடப் பேப்பர் இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்க முடியாமல் போனது. பிறகு 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவியாக இருந்தால் இரண்டாம் பட்டியல் ரோஸ்வுட்டுக்குப் பேப்பர் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். பிரேசிலியனுக்கு அந்த விலக்கு இல்லை.

ஆக, நிலைமை இதுதான். பிரேசிலியன் என்று சொன்னால் பேப்பர் காட்ட வேண்டும், நம்மிடம் இல்லை, சுங்கத்தில் பிடித்தால் கிட்டாரும் போகும் வழக்கும் வரும். பேப்பர் தேவையில்லை என்று அனுப்பினால் இது இந்தியன் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும், அந்த விலை கிடையாது. மூத்த மகன் போனில் கோபப்பட்டார். "யார் பெட்டியைத் திறந்து மரத்தைப் பார்க்கப் போறான், அனுப்புங்க, வாங்குறவன் தலைவலி" என்றார். நான் முடியாது என்றேன். தெரிந்தே தப்பான பெயரில் ஒரு பொருளை விற்க என் கை போகாது. அதற்கு மேல், வாங்குகிறவர் ஒரு நாள் அதை நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பணத்தைத் திருப்பிக் கொடு என்று வந்து நிற்பார், அதற்குள் சுவர் எழும்பியிருக்கும், பணம் செலவாகியிருக்கும். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கிள் சர்ச்சில் வாசிச்ச கிட்டார், பொய் சொல்லி விற்க வேண்டாம்" என்று முடித்துவிட்டார். விளம்பரத்தை அன்றே எடுத்தோம். ஜெர்மனிக்காரருக்கு உண்மையை எழுதினோம், நன்றி சொல்லி விலகிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கிட்டார்காரரின் பதில் வந்தது. கையெழுத்தில் எழுதிய அவருடைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். முன்பலகை அடிரோண்டாக் ஸ்ப்ரூஸ், பின்பலகை இந்தியன் ரோஸ்வுட், 2009. கீழே ஒரு வரி: இது இன்னும் வாசிக்கப்படுகிறது என்பதில் சந்தோஷம். விலைக்கு இந்தப் பக்கம் பலம்தான். அடிரோண்டாக் ஸ்ப்ரூஸ் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் கிட்டார்களில் போட்ட மரம், அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கணக்கு

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சரியாகக் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. கேட்கும் விலையை ஒதுக்கிவிட்டு உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் எடுத்தேன். இதே ஆள் செய்த, ஈட்டி மரம் போட்ட கிட்டார்கள் கடந்த ஒன்றரை வருடத்தில் 7,000-லிருந்து 7,800 டாலருக்குள் போயிருந்தன. 7,400 என்று வைத்துக்கொள்வோம்.

2011-ல் 4,800, 2023-ல் 7,400. டாலரில் பார்த்தால் ஒன்றரை மடங்கு. ஆனால் அதே பன்னிரண்டு வருடத்தில் அமெரிக்காவின் விலைவாசியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, ஆகவே உண்மையான ஏற்றம் சொற்பம்தான். ராண்டில் பார்த்தால்தான் கண் விரிகிறது. டாலரில் ஒரு காசு கூட ஏறாமல் 4,800-ஆகவே நின்றிருந்தாலும் 33,000 ராண்டாக இருந்தது 88,000 ஆகியிருக்கும். அங்கிளின் கிட்டார் ஏறியதில் பெரும்பங்கு ராண்ட் விழுந்ததுதான். மூத்த மகனுக்கு இதைப் புரியவைக்க ரசீதைப் படமெடுத்து அனுப்பினேன், அதில் டாலர், ராண்ட் இரண்டும் எழுதியிருந்தது. அப்போதுதான் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார்.

வெளிநாட்டுக் கடையில் விற்பனைக்கு வைத்தால் 7,400 டாலர், அன்றைய மதிப்பில் 1,35,000 ராண்ட். கடைக்காரர் பங்கு 20 விழுக்காடு போனால் 1,08,000. அனுப்பும் செலவு, வழிக் காப்பீடு 11,000. கைக்கு 97,000, அதுவும் எப்போது விற்கும் என்று தெரியாது. வழியில் உடைந்தால் அது ஒரு தனிக் கதை. உள்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கிடைத்தால் உள்நாடே மேல் என்று முடிவு செய்தோம்.

உலர்த்தியதும் ஒட்டியதும்

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. அவசரப்பட்டு நெக்கைக் கழற்றவோ சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டை, தேய்க்கவோ இல்லை. ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைத்த சின்ன அறையில் ஐந்து வாரம் தொங்கவிட்டேன். அந்த மாதங்களில் லோட் ஷெடிங் மோசமாக இருந்தது, ஒரு நாளில் மூன்று தடவை கரண்ட் போகும், அதனால் பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் பைகளும் போட்டேன். வாரம் ஒரு தடவை கம்பி உயரத்தை எழுதிவைத்தேன்: 3.6, 3.4, 3.2, 3.0, 2.9. மரம் தானாகத் தண்ணீரை விட்டுத் தொப்பை இறங்கியது, உளி எதுவும் படவில்லை. பிறகு பிரிட்ஜைச் சூடுபடுத்தி எடுத்து வச்சிரப் பசையால் ஒட்டி, சேடிலைக் கொஞ்சம் தேய்த்து 2.4-க்குக் கொண்டுவந்தேன். செலவு 7,800 ராண்ட். மகள் முன்பலகையின் மங்கல் இடத்தைப் புதிதாகப் பாலிஷ் போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இந்த வகைக் கிட்டாருக்குப் புதுப் பாலிஷ் போட்டால் விலை இறங்கும், ஏறாது. அது அங்கிளின் விரல் பட்ட இடம் என்பது எனக்கும் ஒரு காரணம்.

விற்பனை

மே மாதம் 1,15,000 கேட்டு உள்நாட்டில் விளம்பரம் போட்டோம், மரத்தின் பெயரைச் சரியாக எழுதி, கிட்டார்காரரின் நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து. முதலில் வந்தவர் பேரமே பேசவில்லை, பணம் போட்டாயிற்று என்று வங்கியிலிருந்து வந்தது போல ஒரு செய்தியை அனுப்பிவிட்டுக் கூரியர்காரரையும் வாசலுக்கு அனுப்பினார். மகள் கணக்கைப் பார்த்தார், பணம் இல்லை. கூரியர்காரரைத் திருப்பி அனுப்பினார். அன்று அவர் காட்டிய நிதானத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இந்த நேரத்தில் ராண்ட் விழுந்துகொண்டே இருந்தது. மே கடைசியில் டாலர் 19 ராண்ட் 70 சென்ட்டைத் தொட்டது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் அதிகம் கேட்கலாம் என்றார் மூத்த மகன். மழைக்காலம் காத்திருக்காது, சுவருக்கு ஆகஸ்டுக்குள் கொத்தனாரைப் பிடிக்க வேண்டும் என்று மகள் சொன்னார். ஆன்ட்டி மகள் பக்கம் நின்றார். ஜூலையில் டாலர் 18-க்குக் கீழே இறங்கிவிட்டது, அது யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை.

மே 31 அன்று ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர் காரோட்டி வந்தார். ஆன்ட்டி வீட்டு ஹாலில் இரண்டு மணி நேரம் வாசித்தார். ஆன்ட்டி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை, டீ கொண்டுவந்தது மகள்தான். 1,08,000-க்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டி கைமாறியது. போகும்போது, மேலே ஜொகன்னஸ்பர்க்கில் காற்று வறட்சி, ஈரப்பதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னேன். எழுதித் தரவில்லை.

பின்னால் வந்தது

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வாங்கியவர் போன் செய்தார். முன்பலகையில், ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகை) ஓரத்தை ஒட்டி, 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு. முன்பே இருந்ததை மறைத்து விற்றுவிட்டீர்கள் என்று சந்தேகப்பட்டார், கோபமாகவே பேசினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எலும்பு காயும் வறட்சி, அதோடு அறையில் ஹீட்டர். நான் கேட்டதற்காக ஒரு மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தார், 24 விழுக்காடு காட்டியது. பன்னிரண்டு வருடம் டர்பனின் ஈரத்தில் இருந்த மரம் பத்து வாரத்தில் அந்த வறட்சிக்குப் போனால் சுருங்கத்தான் செய்யும்.

நல்ல வேளையாக நான் உலர்த்தும்போது வாராவாரம் எடுத்த படங்கள் இருந்தன. கடைசிப் படத்தில் அந்த இடம் தெளிவாக, வெடிப்பில்லாமல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. சட்டப்படி நாம் ஒன்றும் தர வேண்டியதில்லை என்று மூத்த மகன் சொன்னார். ஆனால் எச்சரிக்கையை எழுதித் தராதது எங்கள் குறை. ஜொகன்னஸ்பர்க்கில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்க்காரர் 9,000 ராண்டுக்கு ஒட்டித் தருவதாகச் சொன்னார், அதில் பாதி 4,500-ஐ நான் கொடுப்பதாகச் சொன்னேன். ஆன்ட்டி விடவில்லை, அதுவும் கிட்டார் பணத்திலிருந்தே போகட்டும் என்றார். மீதிப் பாதியை வாங்கியவர் கொடுத்தார்.

எல்லாம் கழித்துக் குடும்பத்தின் கையில் நின்றது 95,700 ராண்ட். 39,000 போட்டு வாங்கியது பன்னிரண்டு வருடத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, இதே காலத்தில் நம் நாட்டு விலைவாசி ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நஷ்டமில்லை. ஆனால் மேஜையில் பேசிய 2,34,000-ல் பாதி கூட இல்லை. சுவருக்குக் குறைந்த 16,300 ராண்டை இளைய மகன் அனுப்பினார். அக்டோபரில் வேலை முடிந்தது. ஜனவரியில் வாங்கியவர் மீட்டரைப் படமெடுத்து அனுப்பினார், 47 விழுக்காடு, ஒட்டிய இடம் திறக்கவில்லை. மூத்த மகன் என்னிடம் இன்னும் சகஜமாகப் பேசுவதில்லை.

எதை மாற்றிக்கொண்டேன்

முதல் சந்திப்பில் இப்போது எந்தத் தொகையும் சொல்வதில்லை, எவ்வளவு வற்புறுத்தினாலும். மரம், நிலைமை, ரசீது மூன்றும் பார்த்த பிறகு, விற்று முடிந்த விலைகளை மட்டும் வைத்து, எல்லாச் செலவும் கழித்துக் கைக்கு வரும் தொகையை ஒரே தாளில் எழுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். டாலர் விலையையும் அன்றைய ராண்ட் மதிப்பையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறேன், எது கிட்டார் ஏறியது, எது ராண்ட் விழுந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். மரத்தின் பெயர் உறுதியாகும் வரை விளம்பரம் கூடாது என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுகிறேன், பேரப் பிள்ளைகளிடமும் சேர்த்து.

கடற்கரையிலிருந்து மேலே போகும் கிட்டாரைக் குளிர்காலத்தில் விற்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் மூன்று வாரம் 45-லிருந்து 40 விழுக்காட்டுக்கு மெதுவாக இறக்கிப் பழக்குகிறேன். பெட்டிக்குள் ஒரு மீட்டரும் ஈரப்பதப் பைகள் நான்கும் வைக்கிறேன், மொத்தம் 600 ராண்ட் ஆகிறது. கூடவே கைமாறும் நாளில் முன்பலகையின் எட்டு இடங்களைப் படமெடுத்து, ஈரப்பத எச்சரிக்கையையும் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அதன் ஒரு நகலை மடித்துக் கம்பி வைக்கும் சின்ன அறையில் வைத்துவிடுகிறேன், அங்கிள் தன் ரசீதை வைத்திருந்த இடத்தில்.